வைஸைச் சரிசெய்து வேலைக்குச் சேர்ந்தவர்

முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் நாமெல்லாம் தேய்த்த அந்த எம்.எஸ். பிளேட் ஞாபகம் இருக்கிறதா? அரத்தால் தேய், ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார், மறுபடி தேய். கை காய்த்ததுதான் மிச்சம் என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? அதே அரத்தோடு வாழ்க்கையைத் தொடங்கி, இன்றைய மெஷின் ஷாப்புக்கே அடித்தளம் போட்டவர் ஹென்றி மாட்ஸ்லே. லேத் பாடத்தில் ஒரே வரியில் வந்து போகிற பெயர். வீட்டுப் பின்கட்டில் சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட வேண்டும், டூல்ஸ் வாங்க வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள், கடைக்குப் போகும் முன் இவரைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் தெரிந்துகொள்ளாமல் போனவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கிலாந்தில் உல்விச் என்ற ஊரில் 1771 ஆகஸ்ட் 22-ல் பிறந்தார். அப்பாவுக்கு அங்கிருந்த அரசு ஆயுதசாலையில் வேலை. ஹென்றி சிறுவனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். 12 வயதில் அதே ஆயுதசாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கப் போனான் பையன். பிறகு தச்சுப் பட்டறை. ஆனால் அவன் கண்ணெல்லாம் கொல்லுப்பட்டறை மேல்தான். 15 வயதில் அங்கேயே மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர் 18 அங்குல அரத்தைப் பிடித்து வேலை செய்கிற அழகைப் பார்க்கவே ஆள் கூடுமாம்.

அப்போது லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் யாராலும் கள்ளச்சாவி போட முடியாத பூட்டு ஒன்றை வடிவமைத்திருந்தார். அதைச் செய்து முடிக்கத்தான் கைதேர்ந்த ஆள் கிடைக்கவில்லை. மாட்ஸ்லேயைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பினார். வந்து நின்றதோ 18 வயதுப் பிள்ளை! ஏழு வருடம் முறைப்படி தொழில் பழகினவனுக்குத்தான் வேலை என்பது அந்தக் காலத்து வழக்கம். நம்ம பாஷையில் சொன்னால், கையில் சர்ட்டிபிகேட் இல்லை. மேஸ்திரி தயங்கினார். அங்கே தேய்ந்துபோன பெஞ்ச் வைஸ் ஒன்று கிடந்ததாம். சாயங்காலம் ஆறு மணிக்குள் இதைப் புதுசு போல ஆக்கித் தந்தால் வேலை தருவீர்களா என்று பையன் கேட்டான். தாடைகளைக் கழற்றி, எஃகு முகம் வைத்து, அரம் போட்டு, பல் வெட்டி, பதம் ஏற்றி மாட்டிக் கொடுத்தான். ஆறு மணிக்கு முன்பே வேலை கிடைத்துவிட்டது.

பிராமாவின் கடை ஜன்னலில் 1790-ல் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அந்தப் பூட்டைச் செய்தவர் மாட்ஸ்லே. 1851 வரை யாராலும் முடியவில்லை. அந்த வருடம் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் மெனக்கெட்டு, மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் செலவழித்துத் திறந்தார்.

இவ்வளவு செய்தும் சம்பளம் வாரம் 30 ஷில்லிங்தான். குடும்பம் பெருகிவிட்டது, கூட்டித் தாருங்கள் என்று கேட்டார், பிராமா மறுத்துவிட்டார். 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்.

அக்காலத்து லேத்தில் உளியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் கடைய வேண்டும். கை நடுங்கினால் வேலையும் நடுங்கும். மாட்ஸ்லே உளியை ஸ்லைடு ரெஸ்டில் இறுக்கி, லீடு ஸ்குரூ, மாற்றுப் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் ஒரே இரும்பு லேத்தில் துல்லியமாகச் சேர்த்தார். அவருக்கு முன்பே சிலர் இப்படி முயன்றதுண்டு. எல்லாம் இவர் ஒருவர் கண்டுபிடிப்பு என்று எழுதுவது சரியில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு நம்பி ஓட்டக்கூடியதாக ஆக்கியவர் இவர். அதுவரை ஒரு போல்ட்டின் நட்டு இன்னொரு போல்ட்டில் ஏறாது. கழற்றும்போது ஜோடி மாறாமல் அடையாளம் போட்டு வைப்பார்களாம்! வானியல் கருவிகளின் அளவுகோலில் கோடு பிரிக்க இவர் வெட்டிய ஒரு ஸ்குரூ 5 அடி நீளம், அங்குலத்துக்கு 50 மரை. அதன் நட்டு மட்டும் 12 அங்குலம். 600 மரை ஒரே நேரத்தில் பிடிக்கும்.

எனக்கு இவரிடம் பிடித்தது லேத்கூட இல்லை, சர்பேஸ் பிளேட். தன் ஆட்களின் பெஞ்ச் பக்கத்திலேயே சமதளத் தகடுகளை வைத்திருந்தார். மை தடவி வேலையை அதன் மேல் வைத்துத் தேய்த்தால், மேடு எங்கே என்று மை காட்டிவிடும். சரி, அந்தத் தகடே சமமா என்று எப்படித் தெரியும்? இரண்டு தகட்டை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தால்கூட அச்சாகப் பொருந்தும். மூன்று தகடு வேண்டும். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும், எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தினால்தான் மூன்றும் சமம். அவரிடம் வேலை பார்த்த விட்வொர்த் இந்த முறையை 1840-ல் எல்லோரும் அறியச் செய்தார்.

இப்போது என் கதை. ஒரு விடுமுறையில் ஊருக்குப் போகும் வழியில், பன்னிரண்டு டூல் கொண்ட செட் ஒன்றைப் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். அதிலிருந்த ட்ரை ஸ்கொயரை நம்பி வீட்டு ஜன்னலுக்குச் சட்டம் அறுத்தேன். நாலு மூலையும் நாலு தினுசு. மரக் காசு போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கடையிலேயே சோதித்திருக்கலாம். நேரான விளிம்புள்ள பலகையில் ஸ்கொயரை வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் வாங்கலாம். விலகினால், அந்த விலகல் உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. வைஸ் என்றால் தாடையை மூடி வெளிச்சத்தில் பாருங்கள்; ஒரு பக்கம் ஒளி கசியக் கூடாது. ட்ரில்லிங் மெஷினில் நேரான பிட் ஒன்றை மாட்டி ஓடவிட்டு, நுனி வட்டம் போடுகிறதா என்று கவனியுங்கள். நிறுத்தியபின் சக்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்! பன்னிரண்டு வாங்குகிற பணத்தில் நம்பகமானதாக நாலு வாங்கினால் போதும் என்பது என் கட்சி.

மாட்ஸ்லே வீட்டிலும் தனிப் பட்டறை ஒன்று உண்டு. அங்கே அவருக்கு உதவியாளராக 1829-ல் சேர்ந்தவர்தான் பின்னால் நீராவிச் சம்மட்டி செய்த நாஸ்மித். மாட்ஸ்லே செய்த பெஞ்ச் மைக்ரோமீட்டருக்கு லார்டு சான்சலர் என்று பெயர். அக்காலத்தில் அது நாட்டின் நீதித்துறைக்கே தலைமைப் பதவி. அது சொன்ன அளவுக்கு மேல் அப்பீல் கிடையாது என்பதால் அப்படி! அங்குலத்துக்கு 100 மரை, சக்கரத்தில் 100 பிரிவு; ஆக ஒரு பிரிவு அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

போர்ட்ஸ்மவுத் கப்பல் துறைக்கு மார்க் புரூனல் வடிவமைத்த கப்பிக்கட்டை இயந்திரங்களையும் இவரே செய்து கொடுத்தார். அவற்றால் 110 பேர் வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள். 1808-ல் 1,30,000 கப்பிகள். மீதி நூறு பேர் கதி என்ன ஆயிற்று என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

1810-ல் லாம்பெத்துக்கு மாறிய பட்டறையில் பழகியவர்கள் பலர். நம் ஷாப்பில் பழைய டேப்புகளின் மேல் பி.எஸ்.டபிள்யூ. என்று பொறித்திருக்குமே, அந்த டபிள்யூதான் விட்வொர்த். 55 டிகிரி மரையை 1841-ல் முன்வைத்தவர்.

பிரான்சில் ஒரு நண்பரைப் பார்த்துவிட்டுக் கடல் கடந்து திரும்பும்போது குளிர் தாக்கி, 1831 பிப்ரவரி 14-ல் மாட்ஸ்லே காலமானார். பிறந்த உல்விச்சிலேயே அடக்கம். கல்லறை கல்லில் அல்ல, அவர் வடிவமைத்தபடியே வார்ப்பிரும்பில்.