வீரமாமுனிவர் ஆக்கித் தந்த கருவிகள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், கொள்ளிடத்தை அணுகுமிடத்தில் ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூரைக் காண்பர். தஞ்சைநாட்டிற் கிறித்தவர்க்கு இன்னல் நேர்ந்த காலத்து, அன்னார் ஆற்றைக் கடந்து, அரியலூர்ப் பாளையக்காரரின் எல்லைக்குட்பட்ட இவ்வூரிற் புகல் பெற்றனர். அதுபற்றியே இதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார் வீரமாமுனிவர். அவர்தம் வரலாற்றைப் பலர் எழுதியுளர். பெரும்பாலோர் தேம்பாவணியின் இனிமையிலேயே தங்கிவிடுவர். பிறர் கைக்கொண்டு தொழில் செய்தற்கென அவர் ஆக்கித் தந்த கருவிகளைப் பற்றியே யான் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். இத்தாலி நாட்டுக் காஸ்திக்கிளியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவாவில் வந்திறங்கிப் பின்னர்த் தமிழகம் போந்தார். முப்பது வயதிற்குமேல் தமிழெழுத்தைக் கற்கத் தொடங்கிய ஒருவர், 1726-இல் 3615 பாடல் கொண்ட காப்பியத்தை முடித்தார் என்பது வியப்பே. சந்தா சாகிபிடம் திவானாய் இருந்தார் என்பன போன்ற கதைகளும் வழங்குகின்றன. அவற்றிற்குத் தக்க சான்று காணாமையின் விடுக்கின்றேன்.

அக்காலத்து ஓலைச்சுவடியைக் கையில் எடுப்பார்க்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. எகர ஒகரக் குறில்கட்குப் புள்ளி இடுதல் வேண்டும், நெடில்கட்கு வேண்டா என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியுமாதலின், எழுதுவோர் அதனை விட்டொழித்தனர். விடவே, எரியும் ஏரியும் ஒருவடிவாயின. தென்னும் தேனும் ஒன்றாயின. கொடு என்பதோ கோடு என்பதோ எனத் தெளிய வழியில்லை. கற்றோர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். புதிதாய் ஓதப் புகுந்தோன் திகைத்தான். அயல்நாட்டிலிருந்து வந்து கற்ற முனிவர்க்கு இத்திகைப்பு நன்கு தெரிந்திருக்கும். அவர் எகரத்தின் கீழ்க் கோடிழுத்து ஏகாரமும், ஒகரத்திற்குச் சுழி சேர்த்து ஓகாரமும் ஆக்கினார். உயிர்மெய்யில் நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்தார். புள்ளி குத்தாமற் கோட்டினாலேயே வேறுபாடு தோன்றியது, நுட்பம் அதுவே.

இச்சிறு கோட்டின் பயனைக் கணிப்பொறியைக் கையாள்வார் இன்று நன்கு அறிவர். மனிதர் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்குப் பெயர்த்துத் தரும் மென்பொருளைக் கம்பைலர் என்பர். அது புலவரைப்போல எழுத்தை ஊகித்துப் படிக்காது. யூனிகோடு முறையிற் குறிற்கொம்பும் நெடிற்கொம்பும் வெவ்வேறு எண் பெற்றுள்ளன. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதுதற்கென அமைந்த எழில் என்னும் கட்டற்ற மொழியில், ஓர் எகரம் ஏகாரமாய் மாறின் அச்சொல் வேறு பெயராய்விடும்.

கட்டற்றது என்பதன் பொருளையும் சிறிது கூறுதல் வேண்டும். 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் கினூ சி கம்பைலரை வெளியிட்டார். அதன் மூலத்தை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். வழங்குங்கால் அவ்வுரிமையையே அவர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது உரிமம். பலர் கையிற் பட்டுப் பிழை வெளிப்பட்டுத் திருந்துவதே அத்தகைய கருவிக்குப் பெருஞ்சோதனை. சுவடிக் காலத்தில் உரிமம் எழுதுவார் இலர், படியெடுத்தவனே உரியவன். முனிவரின் எழுத்து மாற்றம் அரசாணையாற் பரவியதன்று. எழுதுவோரும், பின்னாளில் அச்சுக் கோப்போரும் கைக்கொண்டமையாற் பரவிற்று.

அவரது சதுரகராதி 1732-இல் முடிந்தது. அதற்குமுன் சொற்பொருள் வேண்டினோர் நிகண்டுகளை நெட்டுருச் செய்தனர். நிகண்டு செய்யுளால் ஆயது. முழுதும் பாடமாகாதார்க்கு அதில் ஒரு சொல்லைத் தேடி எடுத்தல் அரிது. 1594-இலேயே சிதம்பர ரேவண சித்தர் முதலெழுத்து முறையில் அகராதி நிகண்டு செய்தார் என்பதை மறத்தலாகாது. ஆயின் அதுவும் செய்யுளே. முனிவர் செய்யுளை நீக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாய்ப் பகுத்து, அகரவரிசையில் நிறுத்தினார். பாடம் செய்யாதவனும் நூலைத் திறந்து சொல்லைக் காண முடிந்தது. தமிழ் பயிலும் எம்போன்ற மாணாக்கர் தேம்பாவணியினும் இதற்கே மிகக் கடமைப்பட்டுளோம் என்பது என் கருத்து.

உடன்பணியாற்றிய குருமார் தமிழ் கற்றற்பொருட்டு, 1728-இல் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அதன் பின்கதை சுவையுடையது. முனிவர்க்கும் தரங்கம்பாடி லுத்தரன் சபையார்க்கும் இருந்த பகை சிறிதன்று. அவர்களை மறுத்து அவர் எழுதிய வேதவிளக்கம் முதலிய நூல்கள் கடுஞ்சொல் மலிந்தவை. அவற்றைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும் அவ்விலக்கணம் 1738-இல் அத்தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சேறியது. மாற்றார் செய்த கருவி எனினும் பயன்படும் கருவி எனக் கண்டு அச்சிட்டனர் போலும். இதில் எழுதியவரினும் அச்சிட்டோர்க்கே பெருமை மிகுதி என்பேன்.

முனிவர் 1747-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார். சதுரகராதி அதன்பின்னும் நெடுநாள் ஓலையிலேயே கைமாறி வந்தது. 1824-இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியார் அதனை அச்சிட்டனர். பின்வந்த அகராதியாளர் அதன் சொற்களை எடுத்துத் தம் நூல்களிற் சேர்த்து விரித்தனர்.