நீட்சியின் கணக்கை ஆராய்ந்த பேராசிரியர் போஜ் ராஜ் சேத்

புகைவண்டி ஏறுங்கால் பாலம் சற்றே தாழ்கின்றது; வண்டி கடந்ததும் பழைய நிலையை அடைகின்றது. தண்டவாளம் கோடையில் நீள்கின்றது, குளிரில் சுருங்குகின்றது. இருப்புப் பாதையை நம்பி வாழும் எம் போன்றோர்க்கு இவை அன்றாடக் காட்சிகள். விசைக்கு உட்பட்ட திடப்பொருள் எதுவும் உருவம் மாறாது நிற்பதில்லை. அம்மாற்றத்தை எங்ஙனம் அளப்பது என்னும் வினாவைத் தம் ஆராய்ச்சியின் மையமாகக் கொண்ட பேரறிஞர் ஒருவர், நாம் பிழைக்க வந்த இத்தில்லி மாநகரிலேயே பயின்று, இங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். அவரே போஜ் ராஜ் சேத். அவர் தமிழரல்லர், ஆயினும் கல்விக்கு மொழி எல்லை இல்லை ஆதலின், மெட்ரிகுலேஷனோடு கல்வியை முடித்த அடியேன் அவர் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

சேத் 1907 ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தில்லி இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்றார். அக்கல்லூரி அந்நாளில் காஷ்மீரி கேட்டில் இருந்தது. பின்னர் இலண்டன் சென்று, பேராசிரியர் ஃபைலன் என்பவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1935 இல் பெரிய உருமாற்றங்களைப் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

அவர் ஆராய்ந்த வினாவை எளிதில் விளக்கலாம். பதின்மூன்று மீட்டர் தண்டவாளத்தைத் தடையின்றி விட்டால், 40 டிகிரி வெப்ப உயர்வில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். இந்நீட்சியைப் பழைய நீளத்தால் வகுத்தாலும் புதிய நீளத்தால் வகுத்தாலும் விடையில் வேறுபாடு தோன்றாது. ஆனால் ஓரடி ரப்பரை ஈரடியாக இழுத்தால், பழைய நீளத்தால் வகுக்க விடை ஒன்று. புதிய நீளத்தால் வகுக்க விடை அரை. எவ்வளவு நீண்டது என்று கூற எந்த அளவையைக் கொள்வது? முன்னோர் தனித்தனியே கண்ட அளவைகள் பல இருந்தன. அவற்றையெல்லாம் ஒரே சூத்திரத்தில் அடக்கி, அதிலுள்ள ஓர் எண்ணை மாற்றினால் ஒவ்வோர் அளவையும் கிடைக்குமாறு 1960களில் சேத் அமைத்துக் காட்டினார். ஆங்கில அறிஞர் ராட்னி ஹில் அதனை மேலும் விரித்தார். இன்று அவ்வளவைத் தொகுதி இருவர் பெயராலும் வழங்குகிறது. ஒரு பொருளைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிப்பொறியில் ஆராயும் பொறியியலார், ரப்பர், அழுத்தி உருவாக்கும் உலோகம் ஆகியவற்றின் பெரிய உருமாற்றத்தைக் கணக்கிடுகையில் இத்தகைய அளவைகளின்றி இயங்க இயலாது.

மேனாட்டில் பட்டம் பெற்ற சேத் தாயகம் திரும்பி, தாம் பயின்ற இந்துக் கல்லூரியிலேயே பல்லாண்டு கற்பித்தார். 1951 இல் கரக்பூரில், பழைய ஹிஜ்லி சிறைக்கூடத்தில் ஐ.ஐ.டி. தொடங்கியபோது கணிதத் துறையின் தலைமையை ஏற்றார். 1955 இல் இயக்கவியலுக்கென அகில இந்தியச் சங்கம் ஒன்று அங்கு தோன்றுவதற்கு அவரே முதற்காரணர். பின்னர் திப்ரூகட் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1979 இல் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு ஏன்? நம் குடியிருப்பில் பொறியியல் பட்டம் பெறும் பிள்ளைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்களுள் ஒருவன் அல்லது ஒருத்தி, வேலைக்குச் செல்லாது மேலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்ய விழைந்தால், வீட்டில் கலக்கம் உண்டாகிறது. வாடகை, தங்கையின் திருமணம், தந்தையின் ஓய்வுக் காலம் எனக் கணக்குகள் எழுகின்றன. அக்கவலை பொய்யன்று, மாதச் சம்பளத்தில் வாழும் நாம் அதனை அறிவோம். ஆயினும் ஐ.ஐ.டி. போன்ற நிலையங்களில் ஆராய்ச்சி மாணவர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கிறது என்பதையும் கருத வேண்டும். அது பெருஞ்செல்வம் அன்றாயினும், பிள்ளை தன் செலவைத் தானே தாங்கத் துணைபுரியும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஆராய்ச்சி என்று சொன்னவுடன் மறுத்துவிடாதீர்கள். எந்த வினாவை ஆராயப் போகிறாய், யாரிடம் பயிலப் போகிறாய், எத்தனை ஆண்டு ஆகும் என்று கேளுங்கள். தெளிவான விடை வருமாயின் வாழ்த்தி அனுப்புங்கள். காஷ்மீரி கேட்டில் பாடம் கேட்ட இளைஞர் ஒருவருக்கு உலகம் பயன்படுத்தும் அளவையைக் காண முடிந்ததெனின், நம் பிள்ளைகளுக்கும் அது கைகூடும்.