பூதத்துக்காக இரங்க வைத்த போர்க்கைதி: ஜேம்ஸ் வேல்

தட்டையான தலை, கழுத்தின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஆணிகள், கனத்த சப்பாத்துகள். பிராங்கன்ஸ்டைனின் பூதத்தைப் படத்தில் பார்க்காத பிள்ளைகள்கூடக் கார்ட்டூன்களில் கண்டிருப்பார்கள். 1931இல் அதைத் திரையில் நடமாட விட்ட இயக்குநர் ஜேம்ஸ் வேல். அவர் போர்க்கைதியாக இருந்தவர். ஓர் ஆணை நேசித்து, அதை மறைக்காமல் வாழ்ந்தவர். வன்னியில் இருந்துகொண்டு அவரைப் பற்றி நான் எழுத இந்த இரண்டும்தான் காரணம்.

இங்கிலாந்தின் டட்லி என்ற தொழிற்சாலை நகரத்தில் 1889 யூலை 22ஆம் திகதி பிறந்தார். தந்தை இரும்பு உருக்கும் உலையில் வேலை செய்தவர். ஏழு பிள்ளைகளில் வேல் ஆறாவது. உலை வேலைக்கு உடம்பில் பலம் போதாததால் சப்பாத்துத் தைக்கப் போனார். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் மாலை நேர ஓவிய வகுப்புக்குச் சென்றார். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோதுதான், ஆண்களோடு உறவு வைத்திருந்த குற்றத்துக்காக எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் சிறைக்கு அனுப்பப்பட்டார். வேல் தன்னை அறிந்துகொண்ட நாடு, அவரைப் போன்றவர்களைச் சிறையில் அடைத்த நாடு.

முதலாம் உலகப் போர் வந்தது. 1916இல் வேல் காலாட்படை அதிகாரியானார். 1917 ஓகஸ்டில், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் களத்தில் ஜேர்மன் படையிடம் பிடிபட்டார். போர் முடியும் வரை ஹோல்ஸ்மின்டன் கைதி முகாமில் இருந்தார். முட்கம்பிக்குள் நாட்கள் எப்படி நகரும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அங்கே கைதிகள் நாடகம் போட்டார்கள். வேல் நடித்தார், எழுதினார், மேடைக்குத் திரை வரைந்தார். அந்த முகாமில்தான் அவருக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது.

ஊர் திரும்பியவர் பத்து ஆண்டுகள் சிறிய நாடகக் குழுக்களோடு அலைந்தார். 1928இல் ஆர். சி. ஷெரிப் எழுதிய 'ஜேர்னிஸ் எண்ட்' என்ற நாடகம் கைக்கு வந்தது. ஷெரிப்பும் அதே போரில் நின்றவர். தாக்குதலுக்காகப் பதுங்குகுழிக்குள் காத்திருக்கும் சில அதிகாரிகளின் கதை அது. வீரவசனம் இல்லை, பயம், குடி, களைப்பு, அடுத்தவன் மேல் வைத்த பாசம் மட்டுமே. போர் முடிந்து பத்து ஆண்டுகளாக வாய் திறக்காதிருந்த ஒரு சனம் நாடக அரங்கில் அழுதது. அந்த நாடகம் வேலை ஹொலிவூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே யூனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் எடுத்ததுதான் 'பிராங்கன்ஸ்டைன்'. மூலக்கதையை மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அதாவது திகில் இலக்கியத்தின் மூலவேர்களில் ஒன்றே ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் கையால் நடப்பட்டது. பிணங்களின் துண்டுகளைத் தைத்து உருவாக்கப்படும் பூதத்துக்குப் பெயர்கூட இல்லை. உருவாக்கியவனே அதை வெறுக்கிறான். ஊர் தீப்பந்தங்களோடு துரத்துகிறது. பொரிஸ் கார்லோஃப் நடித்த அந்த உருவம் முதல் தடவை வெளிச்சத்தைக் காணும்போது, குழந்தையைப் போல இரண்டு கைகளையும் நீட்டி அதைப் பிடிக்கப் பார்க்கும். பயப்பட வந்தவர்களை இரங்க வைத்த இடம் அது.

1935இல் வந்த 'பிரைட் ஒஃப் பிராங்கன்ஸ்டைன்' இன்னும் துணிந்தது. காட்டுக் குடிசையில் தனித்திருக்கும் கண் தெரியாத முதியவர் ஒருவர் பூதத்தை உள்ளே அழைத்துச் சாப்பாடு கொடுக்கிறார், பேசப் பழக்குகிறார். பூதம் கண்ணீர் விடுகிறது. இரண்டு ஆண்கள் ஒரே கூரையின் கீழ் அமைதியாக வாழும் அந்தச் சில நிமிடங்கள்தான் படத்தில் நிம்மதியான பொழுது. பிறகு துப்பாக்கியோடு வேட்டைக்காரர் வருகிறார்கள், குடிசை எரிகிறது. இது தன் வாழ்க்கைதான் என்று வேல் சொன்னதில்லை. அப்படி வாசிப்பதை அவருடன் பழகிய சிலர் மறுத்தும் இருக்கிறார்கள். ஆனாலும், பயங்கரமானது எது, துரத்தப்படும் உருவமா துரத்தும் கூட்டமா என்ற கேள்வியை, துரத்தப்படுவது எப்படி என்று தெரிந்த ஒருவர் கேட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

படத் தயாரிப்பாளரான டேவிட் லூயிஸ் என்பவரோடு வேல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தார். 1934இலிருந்து கடுமையாக்கப்பட்ட ஹொலிவூட் தணிக்கை விதி, தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டுவதையே தடை செய்திருந்தது. அந்தக் காலத்தில் வேல் பெயருக்கு ஒரு கலியாணம் செய்துகொண்டு ஒளியவில்லை.

அவருடைய தொழிலில் பெரிய அடி போர்ப் படம் ஒன்றினால் விழுந்தது. ரெமார்க்கின் நாவலைத் தழுவி 1937இல் 'த ரோட் பேக்' எடுத்தார். போரிலிருந்து திரும்பிய ஜேர்மன் சிப்பாய்கள் வீட்டில் பொருந்த முடியாமல் தவிக்கும் கதை. நாஜி அரசின் தூதரகம் மிரட்ட, நிறுவனம் பணிந்து படத்தை வெட்டிக் கொத்தியது. அதன் பின் வேலுக்கு நல்ல படங்கள் அரிதாகின. 1940களில் சினிமாவிலிருந்து ஒதுங்கி மறுபடி ஓவியம் தீட்டினார். 1956இல் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு மே 29ஆம் திகதி, 67ஆவது வயதில், நோயின் பாரம் தாங்காமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை விபத்து என்றே உலகம் பல ஆண்டுகள் நம்பியிருந்தது.

இன்று ஆங்கிலத்தில் பதின்ம வயதினருக்கான திகில் நாவல்களில் வேறொரு முடிவு எழுதப்படுகிறது. ஏய்டன் தோமஸின் 'செமெட்ரி போய்ஸ்' (2020) நாவலில், திருநம்பியான ஒரு பையன் தான் ஆண் என்பதைக் குடும்பத்துக்கு நிரூபிக்க ஆவியை அழைக்கிறான். கடைசியில் குடும்பம் அவனை ஏற்றுக்கொள்கிறது. எங்கள் தீவிலிருந்து போன ஷியாம் செல்வதுரை 2005இல் எழுதிய இளையோர் நாவலில், கொழும்புப் பையன் ஒருவன் தன் மச்சான் மீது தனக்கிருக்கும் ஈர்ப்பை உணர்ந்துகொள்கிறான். வன்னியில் வளரும் ஒரு பிள்ளை தமிழில் தேடினால் இப்படியான புத்தகம் கைக்கு அகப்படுவது அரிது. முனியும் கொள்ளிவாய்ப் பேயும் எங்களிடம் நிறைய உண்டு. அந்தப் பேயின் பக்கம் நின்று கதை சொல்பவர்கள்தான் குறைவு.

பிரித்தானியர் 1883இல் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இந்த உறவைக் குற்றமாக்கின. அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தோடு சட்டம் மாறிவிடவில்லை. வீட்டு வாசலில் நிற்கும் சட்டம் அதைவிடக் கடினமானது.

காணாமல் போனவர்களுக்கே பதில் கிடைக்கவில்லை, இதற்குள் இது ஒரு பிரச்சினையா என்று கேட்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களின் வலியை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பங்கருக்குள் எங்களோடு பதுங்கியவர்களில், தறப்பாள் கொட்டில்களில் எங்களோடு வரிசையில் நின்றவர்களில், இப்படியான பிள்ளைகளும் இருந்தார்கள். ஷெல் அவர்களைப் பிரித்துப் பார்த்து விழவில்லை. எல்லோரோடும் சேர்ந்து உயிர் தப்பி வந்த பிள்ளையை, இனி நாங்கள் தீப்பந்தம் பிடித்துத் துரத்துவதில் என்ன நியாயம்?