வளையத்துக்குக் கீழே நிற்கச் சொல்லப்பட்ட மனிதர்

வில்ட் சேம்பர்லெய்ன் இறந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள்கூட, ஒரே ஆள் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த கதையை எங்காவது கேட்டிருப்பார்கள். அந்த ஆள் இவர்தான். நான் எழுத வந்தது அந்த நூறைப் பற்றி மட்டுமல்ல. 7 அடி 1 அங்குல உடம்பொன்றை எங்கே நிறுத்துவது என்று மற்றவர்கள் ஆயுள் முழுக்கத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். அந்த உடம்புக்குரியவரோ இடம் மாறிக்கொண்டே இருந்தார். அதைப் பற்றித்தான்.

நான் இருப்பது கித்துல்கலயில். களனி கங்கையில் படகோட்ட வரும் உல்லாசப் பயணிகளுக்கும், குவாய் நதிப் பாலம் என்ற ஆங்கிலப் படம் எடுத்த இடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இந்த ஊர் தெரியும். ஆற்றுக்கு மேலே தேயிலையும் றப்பரும் நிற்கிற மலைகளில் லயன்கள் இருப்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. அந்த லயன்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, மழை விட்ட நாட்களில், வலைப்பந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் பழக்குகிறேன். மழை விடுவது இங்கே அபூர்வம் என்பது வேறு கதை.

வலைப்பந்தாட்டத்தில் ஒரு பிள்ளை உயரமாக இருந்தால் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஜீ.எஸ். என்று எழுதிய துணியை மாட்டி வளையத்துக்குக் கீழே நிறுத்திவிடுவோம். அந்த ஆட்டத்தின் விதியே அப்படி. யார் எந்தக் கோட்டைத் தாண்டலாம் என்பது நெஞ்சிலேயே எழுதியிருக்கும். ஜீ.எஸ். மாட்டியவள் மைதானத்தின் ஒரு முனையை விட்டு வெளியே வர முடியாது. யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குல உயரத்தோடு அந்த முனையில் நின்றுதான் 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வெல்ல உதவினார். 2019 உலகக் கிண்ணத்தில் மற்ற எல்லாரையும் விட அதிகமாக, 348 கோல் போட்டார். அது பெருமைதான். ஆனால் வலைப்பந்தாட்டத்தின் தாய் ஆட்டமான கூடைப்பந்தாட்டத்தில் அப்படியொரு கோடு யாருக்கும் கிடையாது. ஐந்து பேரும் எங்கேயும் போகலாம். அப்படியிருந்தும் உயரமானவரை வளையத்தடியில் கட்டிப்போடும் வழக்கம் அங்கேயும் இருந்தது. சேம்பர்லெய்னின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1936 ஓகஸ்ட் 21ஆம் திகதி பிலடெல்பியாவில், பிள்ளைகள் நிறைந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் வெல்டிங் வேலை செய்தவர், தாய் வீட்டு வேலைக்குப் போனவர். சின்ன வயதில் நிமோனியா காய்ச்சல் வந்து சாகக் கிடந்தார். அதனால் படிப்பில் ஒரு வருடம் போனது. முதலில் அவருக்குப் பிடித்தது ஓட்டமும் பாய்ச்சலும்தான். கூடைப்பந்தை அவர் ஆண்பிள்ளைகளுக்கான ஆட்டமாகவே நினைக்கவில்லையாம். பிறகு பல்கலைக்கழகத்திலும் உயரம் பாய்தலில் வென்றார். நம்முடைய எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் ஆசியத் தங்கம் வென்ற அதே பாய்ச்சல்தான்.

கதவு நிலைகளில் தலை முட்டாமல் குனிந்து குனிந்து போனதால் வீட்டிலும் தெருவிலும் அவருக்கு டிப்பர் என்று பேர் வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் வைத்த பேர் ஸ்டில்ட், அதாவது பொய்க்கால் கட்டை. அதைக் கடைசி வரை வெறுத்தார். எனக்கு அது விளங்குகிறது. டிப்பர் ஒரு பையன் செய்கிற காரியம். பொய்க்கால் ஒரு பொருள்.

அவருக்கு முன்பே ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஜோர்ஜ் மைக்கன், 6 அடி 10 அங்குலம். உயரமானவர்கள் உடம்பு வளையாதவர்கள், ஆட்டத்துக்கு ஆகாதவர்கள் என்ற எண்ணத்தை மாற்றியவர் அவர்தான். அவரைத் தடுக்க முடியாமல் 1951இல் வளையத்துக்கு முன்னால் உள்ள கோடிட்ட பகுதியை 6 அடி அகலத்திலிருந்து 12 அடியாக்கினார்கள். தாக்கும் அணிக்காரர் அந்தப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் தங்கக் கூடாது. ஆகவே அகலம் கூடினால் பெரியவர் வளையத்தை விட்டுத் தள்ளி நிற்கத்தான் வேண்டும். 1964இல் சேம்பர்லெய்னுக்காக அதை மீண்டும் 16 அடியாக்கினார்கள். ஒரு மனிதர் நிற்கிற இடத்தை மாற்ற நிலத்தின் கோட்டையே அழித்து வரைந்தார்கள். பல்கலைக்கழக ஆட்டத்தில் இன்னொரு விதியும் வந்தது. தண்டனை எறிகையை எறிபவர் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். சேம்பர்லெய்ன் கோட்டிலிருந்து பாய்ந்து பந்தை நேரே வளையத்துக்குள் போட்டுவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனது 1955இல். கறுப்பினத்தவரைச் சேர்க்காத சாப்பாட்டுக் கடைகள் அங்கே இருந்தன. இவர் போய் உட்கார்ந்தார். இந்த ஆளை எழுப்பி வெளியே அனுப்ப யாருக்கும் துணிவு வரவில்லை. உயரம் அவருக்கு உதவிய இடங்களில் இதுவும் ஒன்று.

1957இல் தேசிய இறுதியாட்டம் நடந்தது. எதிரணி வட கரோலினா. அதன் பயிற்றுநர் பிராங்க் மெக்குவையர் ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறியும்போது சேம்பர்லெய்னுக்கு எதிரே தன் அணியின் மிகக் குள்ளமான பையனை அனுப்பினார். எப்படியும் அந்தப் பந்து கிடைக்காது, அவரைக் கேலிப் பொருளாகவாவது ஆக்கிவிடலாம் என்பது கணக்கு. பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று முறை மேலதிக நேரம் கொடுத்து, கன்சாஸ் 54-53 என்று ஒரு புள்ளியில் தோற்றது. அந்தத் தோல்வியைப் பல வருடங்கள் அவர் சுமந்தார். பெரியவன் தோற்றால் அது அவன் குற்றம், வென்றால் அது அவன் உயரம். இந்தக் கணக்கில் அவருக்கு எந்தப் பக்கமும் இலாபமில்லை.

படிப்பை முடிக்காமல் 1958இல் வெளியேறினார். தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ. அவரை உடனே எடுக்க விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒரு வருடம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை அணியோடு ஊர் ஊராகப் போனார். 1959இல் மொஸ்கோவிலும் ஆடினார்கள். அந்த அணியில் நடுவில் நின்று கோமாளித்தனம் செய்ய வேறு ஆள் இருந்தார். ஆகவே சேம்பர்லெய்னை கார்ட் ஆக்கினார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் கொடுக்கிற, வழக்கமாகக் குள்ளமானவர்களுக்கு உரிய இடம் அது. அந்த ஒரு வருடம் மிகவும் சந்தோஷமானது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் வாழ்க்கையைப் படிக்கிறவர்கள் இந்த வருடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அப்படிப் போக மாட்டேன். எந்தக் கோடும் கட்டாமல் விட்டால் அந்த உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்த வருடம் இது.

1959இல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்கு வந்ததும் திரும்பவும் வளையத்தடி. முதல் வருடத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி. அடியும் அதே அளவுக்கு விழுந்தது. முழங்கையால் வாங்கிய இடியில் பல்லும் போனது. இனி ஆடுவதில்லை என்று முதல் வருடத்தோடு அறிவித்துவிட்டுத் திரும்பி வந்தார். திருப்பி அடித்தால் யாராவது செத்துப்போவார்கள் என்ற பயம் அவருக்குள் இருந்தது என்பார்கள். 1,045 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் தவறுகளின் எண்ணிக்கை கூடி வெளியேற்றப்படவில்லை. அவருக்குப் பிடித்த எறிகை வளையத்திலிருந்து பின்னால் சாய்ந்து விலகி எறிவது. எல்லாரும் அவரைத் திட்டினார்கள். ஏன் கிட்டப் போகாமல் தூரப் போகிறாய் என்றார்கள். உயரத்தால் மட்டும் நான் ஆடவில்லை என்று காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன்.

1962 மார்ச் 2ஆம் திகதி, ஹெர்ஷி என்ற சிறிய ஊரில், நியூயோர்க் அணிக்கு எதிராக அந்த 100. பார்த்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சிப் படம் கிடையாது. தண்டனை எறிகைகளில் மிக மோசமானவர் என்று பேர்பெற்றவர் அன்று 32இல் 28ஐப் போட்டார். அந்த வருடம் பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கிடையிலிருந்து கீழ்வாட்டில் எறிந்துகொண்டிருந்தார். பலன் கொடுத்தது. பிறகு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். ஆயுள் முழுவதுக்குமான கணக்கு பாதிக்குச் சற்று மேல்தான். இத்தனை பலமுள்ள மனிதருக்கு நாலு பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம் இருந்திருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வன்னியில் இருக்கும் ஒருவன் நினைவுக்கு வருவான். 1977 வன்செயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. என் பெரியப்பாவும் போனார். காடு வெட்டி, கிணறு வெட்டி அங்கேயே ஊன்றிவிட்டார்கள். பெரியப்பாவின் மூத்த மகன் எனக்கு அண்ணன். அவருடைய பையனுக்கு 2008இல் வயது 15, உயரம் 6 அடி. வயது பிறப்புச் சான்றிதழில் இருந்தது, உயரம் தெருவில் தெரிந்தது. வந்து கேட்டவர்கள் யாராயிருந்தாலும் உயரத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணி அவனைக் குனிந்து நடக்கப் பழக்கினார். செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதுகூட முழங்காலை மடித்துத்தான் நின்றானாம். இப்போது முப்பது தாண்டிவிட்டது. கூன் இன்னும் நிமிரவில்லை. ஒருமுறை இங்கே வந்தவனைக் கரப்பந்து வலைக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். பின்வரிசைக்குப் போய்விட்டான். அங்கே அவன் எடுத்த பந்துகளை என் பையன்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

சேம்பர்லெய்னைப் பின்னால் நகர்த்தியவர் அலெக்ஸ் ஹன்னம் என்ற பயிற்றுநர். அதற்கு முன்பு சேம்பர்லெய்னின் அணிகள் பொஸ்டனிடம் திரும்பத் திரும்பத் தோற்றன. பொஸ்டனின் நடு ஆள் பில் ரஸல் புள்ளி எடுப்பதைவிட எதிரியின் எறிகையைத் தடுத்தே ஆட்டத்தை வென்றவர். இருவரும் எட்டுத் தொடர்களில் மோதினார்கள், ஏழில் ரஸலின் அணி வென்றது. சிநேகிதர்கள் வேறு. பண்டிகைக்கு ரஸல் சேம்பர்லெய்ன் வீட்டில் போய்ச் சாப்பிடுவார். பிலடெல்பியா 76அர்ஸ் அணியில் ஹன்னம் இவரிடம் எறிவதைக் குறைத்துப் பந்தைக் கொடுக்கச் சொன்னார். உன்னைச் சுற்றி மூன்று பேர் நின்றால் இரண்டு பேர் சும்மா இருப்பார்கள், அவர்களுக்குக் கொடு என்பதுதான் கணக்கு. 1966-67இல் அவரது சராசரி 24.1 புள்ளியாக இறங்கியது. அணி 81 ஆட்டத்தில் 68ஐ வென்றது. பொஸ்டனை 4-1 என்று முடித்துக் கிண்ணத்தையும் எடுத்தது.

அடுத்த வருடம் 702 அசிஸ்ட்களோடு முழுச் சங்கத்திலும் முதலிடம் பிடித்தார். ஒரு சென்டர் ஆட்டக்காரர் அந்தப் பட்டியலில் முதலாவதாக வருவது அதுவரை கேள்விப்படாதது. கொஞ்சம் வீம்பும் இருந்தது. எனக்குக் கொடுக்கத் தெரியாது என்றவர்களுக்குக் காட்டுகிறேன் என்று எண்ணிக்கையைத் துரத்தினார், எறிய வேண்டிய இடத்திலும் கொடுத்தார். அந்த வருடம் பொஸ்டன் மறுபடி வென்றது. இன்றைக்கு நிக்கொலா யோக்கிச் 7 அடிக்குக் கிட்டிய உயரத்தோடு மைதானத்தின் நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுப்பதை எல்லாரும் புதுமை என்று கொண்டாடுகிறார்கள். புதுமை அவ்வளவு புதிதல்ல.

நானும் ஹன்னம் மாதிரி ஒன்று செய்து பார்த்தேன். அணியில் மிக உயரமான பிள்ளையை வளையத்தடியிலிருந்து எடுத்து நடு ஆளாக்கினேன். வீட்டுக்காரர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டும் தோல்வி. ஹன்னத்துக்கு 68, எனக்குச் சைபர். அவளை நான் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. பந்து கையில் வந்ததும் அவள் முதலில் மைதானம் முழுவதையும் பார்க்கிறாள். வளையத்தடியில் நின்ற காலத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

1968இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். 1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியே வந்தார். திரும்ப இறங்கத் தயார் என்றும் பயிற்றுநர் விடவில்லை. இரண்டு புள்ளியில் தோல்வி. அவர் ஓடி ஒளிந்ததுபோல ரஸல் வெளியில் பேசிவிட்டார், அந்தச் சிநேகிதம் நீண்ட காலம் முறிந்து கிடந்தது. அடுத்த பருவத்தில் அதே காலின் தசைநார் அறுந்தது. 1971-72இல் பயிற்றுநர் பில் ஷார்மன் மூன்றாவது முறையாக இடத்தை மாற்றினார். இனி புள்ளி வேண்டாம், தடுத்தால் போதும், விழுகிற பந்தை எடுத்து முன்னால் ஓடுகிறவனுக்கு எறிந்தால் போதும். ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்தவர் 14.8க்கு ஒத்துக்கொண்டார். அணி தொடர்ந்து 33 ஆட்டங்கள் வென்றது. 35 வயதில், கையில் காயத்தோடு, இரண்டாவது கிண்ணம். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். 1973இல் விலகினார்.

விலகிய பிறகு வந்த புத்தகமொன்றில் பெண்களைப் பற்றி அவர் எழுதிய வீம்புக் கணக்கால் மற்ற எல்லாம் மறைந்துபோயிற்று. அது அவராக வரவழைத்த இகழ்ச்சி. அதே மனிதர் தன் சொந்தப் பணத்தில் பெண்களின் ஓட்ட அணியையும் கரப்பந்து அணியையும் நடத்தினார் என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

கரப்பந்து அவருக்கு வந்தது அந்த அறுந்த முழங்காலைத் தேற்றக் கடற்கரை மணலில் ஆடியபோது. பிறகு அதிலே மூழ்கிவிட்டார், தொழில்முறைக் கரப்பந்துச் சங்கமொன்றை நடத்தவும் முன்னின்றார். ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் யோசித்ததுண்டு. அந்த ஆட்டத்தில் எதிரணியிடமிருந்து சேர்விஸ் கைக்கு வந்ததும் ஆறு பேரும் ஓர் இடம் நகர வேண்டும். எவ்வளவு உயரமானவராயினும் பின்வரிசைக்குப் போய், குனிந்து, நிலத்தை ஒட்டி வரும் பந்தை எடுத்தாக வேண்டும். அங்கே போகச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடத் தேவையில்லை.

லொஸ் ஏஞ்சலிஸ் மலையொன்றில் தனக்கென்று ஒரு வீடு கட்டினார். டிப்பர் என்ற தன் பேரை வைத்து, சப்தரிஷி மண்டலத்தின் லத்தீன் பேரை அதற்குச் சூட்டினார். கதவுகளையும் கூரையையும் தன் உயரத்துக்குத் தோதாக எழுப்பினார். 1999 ஒக்டோபர் 12ஆம் திகதி, 63ஆவது வயதில், இருதயம் செயலிழந்து அந்த வீட்டில்தான் இறந்தார்.