வைத்திய கலாநிதி ஜோன் றொக்

கருத்தடை மாத்திரையை உலகுக்கு அளித்தோருள் ஒருவர் நாடோறும் காலைப் பூசை காணும் கத்தோலிக்கர் என்பது கேட்போர்க்கு வியப்பளிக்கும். அவர் மேசைக்கு மேலே சுவரிற் பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அவரே ஜோன் றொக்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து மார்ள்பரோ என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆந் திகதி பிறந்தார். சிறுவனாயிருந்தபோது, தம் மனச்சாட்சியைக் காக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒருபோதும் விட்டுவிடலாகாது என்று அவ்வூர்க் குருவானவர் ஒருவர் அவருக்கு அறிவுறுத்தினாராம். பின்னாளில் அவ்வுரையே திருச்சபையோடு அவரை வழக்காட வைத்தது. ஆர்வாட்டிலே வைத்தியம் கற்று 1918இல் தேறினார். 1925இல் மணந்து, மக்கள் ஐவருக்குத் தந்தையானார்.

பிள்ளையில்லாதார்க்குப் பிள்ளைப்பேறு வாய்க்கச் செய்வதே அவரது முதற்பணி என்பதை மறத்தலாகாது. 1944இல் மிரியம் மென்கின் என்னும் அம்மையாரோடு சேர்ந்து, மனிதச் சூலை உடலுக்குப் புறத்தே கருக்கட்டச் செய்தமையை உலகுக்கு அறிவித்தவரும் இவரே. எனினும் ஓயாப் பேற்றால் நலிந்த தாய்மாரையும் அவர் நாடோறும் கண்டார். 1930இன் இறுதியிற் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்து நிருபம் விடுத்தார். அடுத்த ஆண்டே, கருத்தடையை விலக்கிய மாநிலச் சட்டத்தை மாற்றக் கோரிய விண்ணப்பத்தில் றொக் ஒப்பமிட்டார். 1936இல், கருவுறா நாட்களை அறிந்து ஒழுகும் முறையைக் கற்பிக்க ஒரு நிலையமும் திறந்தார். அம்முறையைத் திருச்சபை விலக்கவில்லை; 1951இற் பன்னிரண்டாம் பத்திநாதர் தக்க காரணமிருப்பின் அது கொள்ளத்தக்கதென வெளிப்படையாக உரைத்தார்.

1950களின் முற்பகுதியில், மலடெனப்பட்ட 80 பெண்களுக்குப் புறொஜெஸ்ரறோன், ஈஸ்திரோசன் என்னும் சுரப்புகளைச் சில மாதம் கொடுத்து நிறுத்தினார். அவருள் 13 பேர் கருவுற்றனர். பிள்ளை வேண்டிக் கொடுத்த மருந்தே பிள்ளை வேண்டாமைக்கும் வழி காட்டியது. கிறகரி பிங்கஸ் என்னும் அறிஞரோடு கூடிய ஆய்வு 1956இற் புவேர்ட்டோ றிக்கோவுக்குச் சென்றது. ஆங்கு ஏழைப் பெண்கள் முழு விளக்கமின்றி வீரியம் மிக்க மாத்திரைகளை உண்டனர். தலைச்சுற்றும் வாந்தியும் உற்றோர் முறையீடு இலேசாகத் தள்ளப்பட்டது. றொக்கைப் போற்றுவோரும் இதனை மறைத்தல் தகாது. அமெரிக்க அரசு அம்மருந்தை 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் 1960இற் கருத்தடைக்கும் அனுமதித்தது.

றொக்கின் வாதம் இதுவே: கருப்பமுற்றவள் உடலிற் புறொஜெஸ்ரறோன் சுரந்து வேறு சூல் வெளிப்படாது தடுக்கின்றது, மாத்திரையும் அதனையே செய்கின்றது, ஆகவே கருவுறா நாட்களை அது நீட்டுகின்றதேயன்றி இயற்கைக்கு மாறன்று. திருச்சபையின் தருக்கத்தைக் கொண்டே திருச்சபையை இணங்குவிக்க முயன்ற திறம் பாராட்டற்குரியது. ஆனால் இயற்கை என்ற சொல்லை இருவரும் ஒரு பொருளிற் கொண்டிலர். றொக் மருந்தின் தன்மையை நோக்கினார். திருச்சபை செயலின் நோக்கத்தை நோக்கிற்று. 1958இலேயே பன்னிரண்டாம் பத்திநாதர் இதனைப் பகுத்துரைத்திருந்தார். நோய் தீர்க்க உண்ணும் மருந்தால் மலடு உடன்விளையின் அது பொறுக்கத்தக்கது; கருவுறாமை வேண்டியே உண்ணின் அது தற்காலிக மலடாக்கல், எனவே விலக்கு. சத்திரத்தால் மலடாக்குதற்கு உரிய தீர்ப்பே மாத்திரைக்கும் ஆயிற்று. இவ்விடத்தில் றொக்கின் வாதம் வலியிழந்ததென்றே எமக்குத் தோன்றுகின்றது. அவர் கண்ட தாய்மாரின் துயரோ வலியிழக்கவில்லை.

1963இல், தம் 73ஆம் வயதில், இக்கருத்துகளை நூலாக்கினார். பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் அதே ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சிக் குழுவை ஆறாம் சின்னப்பர் விரிவாக்கினார். 1966இல் அக்குழுவிற் பெரும்பாலோர் மாற்றத்தை ஆதரித்தனர். கத்தோலிக்க இல்லங்கள் பல விடை நோக்கிக் காத்திருந்தன. 1968 யூலை 25ஆந் திகதியிட்ட நிருபம் பழைய போதனையையே உறுதிசெய்தது: மணவுறவு ஒவ்வொன்றும் உயிர் பிறத்தற்கு வழி திறந்ததாயிருத்தல் வேண்டும், ஆணையோ பெண்ணையோ நிலையாகவோ தற்காலிகமாகவோ நேரே மலடாக்குதல் ஆகாது.

றொக் அப்போது 78 வயதினர். மனைவியார் முன்னரே காலமாகிவிட்டார். தீர்ப்பினால் மிக வருந்திய அவர் தம் கருத்தை மீட்டுக்கொள்ளவில்லை. நியூ ஆம்சயரிலே ஒதுங்கி வாழ்ந்து, 1984ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி, 94ஆம் வயதிற் காலமானார்.