லென்ஸுக்குக் கணக்குப் போட்டவர்!

குட்டீஸ், வீட்டில் புது செல்போன் வாங்கி வந்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? கேமரா எத்தனை மெகாபிக்சல் என்றுதானே? எண் பெரிதாக இருந்தால் படமும் பிரமாதமாக இருக்கும் என்பது நம் நினைப்பு. அந்த நினைப்பு முழுவதும் சரியல்ல. இதை, செல்போன் கேமரா வருவதற்கு 100 ஆண்டுகளுக்கும் முன்பே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே.

ஐசனாக் என்ற ஊரில் 1840 ஜனவரி 23ம் தேதி பிறந்தார் அபே. அப்பா நூற்பாலைத் தொழிலாளி. அந்தக் காலத்தில் ஆலையில் எத்தனை மணி நேரம் வேலை தெரியுமா? தினமும் 14 மணி நேரம். வேலை அதிகமானால் 16 மணி நேரம்! சாப்பிடக்கூட இடைவேளை கிடையாது. அப்பாவுக்கு மதிய சாப்பாடு கொண்டுபோவது சின்னப் பையன் அபேயின் வேலை. அப்பா இயந்திரத்தில் சாய்ந்து, நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிடுவார். காலிப் பாத்திரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். 50 வயது ஆகும் முன்பே அவர் கிழவர் போலத் தளர்ந்துபோனார். இந்தக் காட்சியை அபே கடைசி வரை மறக்கவில்லை. நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் படிப்பில் படுசுட்டி. ஆலை முதலாளி உதவி செய்ததால் பள்ளிப் படிப்பைத் தொடர முடிந்தது. யேனா, கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் கணிதமும் இயற்பியலும் படித்தார். 21 வயதிலேயே டாக்டர் பட்டம்! பிறகு யேனாவிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார்.

அதே ஊரில் கார்ல் ஸைஸ் என்பவர் மைக்ராஸ்கோப் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அப்போதெல்லாம் லென்ஸ் செய்வது குருட்டாம்போக்கு வேலை. பல லென்ஸ்களைத் தேய்த்து வைத்துக்கொண்டு, இதோடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். நன்றாகத் தெரிந்தால் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வேறொன்றை மாற்றுவார்கள். பாலம் கட்டக் கணக்கு இருப்பது போல, லென்ஸ் செய்யவும் கணக்கு இருக்கக் கூடாதா என்று யோசித்தார் ஸைஸ். 1866ல் இளம் அபேயின் உதவியைக் கேட்டார்.

அபே கணக்குப் போட்டார். லென்ஸின் திறப்பைக் குறுகலாக்கினால் பிழைகள் குறையும், படம் துல்லியமாகும் என்று எதிர்பார்த்தார். அதன்படியே மைக்ராஸ்கோப் தயாரானது. ஆவலோடு பார்த்தால், பழைய முறையில் செய்ததைவிட மோசமாகத் தெரிந்தது! இத்தனை உழைப்பும் வீணா? வேறு யாராவது இருந்தால் கணக்கைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அபேயோ, எங்கே தவறு என்று தேட ஆரம்பித்தார்.

விடை கிடைத்தது. மிக நுண்ணிய பொருளின் மேல் ஒளி பட்டால், அது நேராக மட்டும் போவதில்லை. பக்கவாட்டிலும் விரிந்து போகிறது. பொருள் எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு அகலமாக ஒளி விரியும். குறுகலான லென்ஸ் அந்தப் பக்கவாட்டு ஒளியைத் தவறவிட்டுவிடும். ஒளியோடு நுணுக்கமும் போய்விடும்! அகலமான லென்ஸ்தான் அதைப் பிடித்துக்கொள்ளும்.

அகலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்துவிடுமா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளி என்பது அலை. அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருந்தால், சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் அவை ஒன்றாகவே தெரியும். அந்த இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 5,000 பங்காக்கினால் ஒரு பங்கு! இதை அபே 1873ல் வெளியிட்டார். அதற்குமேல் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் புதிதாக எதுவும் தெரியாது. மழையில் நனைந்து மை கலைந்த எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தா தெரியும்? கறைதான் பெரிதாகும்!

இப்போது உங்கள் செல்போனுக்கு வருவோம். மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளிகள். 12 மெகாபிக்சல் என்றால் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிகள் மிகக் குறைந்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால், ஒளியைப் பதிவு செய்யும் சிப் மிகச் சிறியது. அதற்குள் பிக்சல்களைத் திணிக்கத் திணிக்க, ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். வாய் சிறுத்த பாத்திரத்தில் மழைநீர் குறைவாகத்தானே விழும்? அதுபோல, சிறிய பிக்சலில் ஒளியும் குறைவாகவே விழும். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம் மணல் தூவியது போல இருப்பதற்கு இந்த ஒளிக் குறைவுதான் காரணம்.

லென்ஸும் அபே சொன்ன விதிக்கு அடங்கியதே. ஒரே ஒரு புள்ளி ஒளிகூட, லென்ஸைத் தாண்டியதும் சின்ன வட்டமாகப் பரவிவிடும். அந்த வட்டம் பல பிக்சல்களை மூடினால், அத்தனை பிக்சலும் அதே மங்கலைத்தான் பதிவு செய்யும். அதனால்தான் 48 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று விற்கும் பல போன்கள், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களை நான்காகவோ ஒன்பதாகவோ சேர்த்து, 12 மெகாபிக்சல் படமாகவே தருகின்றன!

ஒரு சோதனை செய்து பாருங்களேன். ஒரு பொம்மையைப் பகலில் ஜன்னலோரம் வைத்து ஒரு படம் எடுங்கள். இரவில் மங்கிய விளக்கில் அதையே இன்னொரு படம் எடுங்கள். மெகாபிக்சல் ஒன்றுதான். படம் ஒன்றா?

சரி, அபேயின் கதைக்குத் திரும்புவோம். 1872 முதலே ஸைஸ் பட்டறை, அபேயின் கணக்குப்படி செய்த மைக்ராஸ்கோப்புகளை விற்கத் தொடங்கிவிட்டது. அவற்றின் உதவியோடுதான் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து, 1882ல் உலகுக்கு அறிவித்தார் ராபர்ட் கோக். ஓட்டோ ஷாட் என்பவரோடு சேர்ந்து, லென்ஸுக்கேற்ற புதுவகைக் கண்ணாடிகளும் செய்யப்பட்டன. 1876ல் பட்டறையின் பங்குதாரரான அபே, பெரிய பணக்காரர் ஆனார்.

பணத்தை என்ன செய்தார்? ஸைஸ் 1888ல் இறந்ததும், மறு ஆண்டே நண்பரின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1891ல் நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கையும் அதற்கே கொடுத்துவிட்டார். தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை, ஓய்வூதியம், லாபத்தில் பங்கு எல்லாம் கிடைத்தன. பெரிய அதிகாரியானாலும், சராசரித் தொழிலாளியின் சம்பளத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி செய்தார். 1900ல் அங்கே வேலை நேரம் எவ்வளவு தெரியுமா? எட்டே மணி நேரம்! இயந்திரத்தில் சாய்ந்து நின்று சாப்பிட்ட அந்த அப்பாவை மகன் மறக்கவே இல்லை, பார்த்தீர்களா?

1905 ஜனவரி 14ம் தேதி அபே காலமானார். யேனாவில் உள்ள அவரது நினைவுச் சின்னத்தில், அவருடைய சூத்திரத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2005ல் வந்த நோக்கியா என்90 செல்போனில் ஸைஸ் லென்ஸ் இடம்பெற்றது. அதன் கேமரா வெறும் 2 மெகாபிக்சல்தான்!

என்ன குட்டீஸ், இனி கடைக்குப் போனால் எத்தனை மெகாபிக்சல் என்று மட்டுமா கேட்பீர்கள்? லென்ஸ் எப்படி, சிப் எவ்வளவு பெரியது என்றும் கேட்பீர்கள்தானே!