நாக்கிங்கை நிறுத்தியவர்

என்ஜின் 'நாக்கிங்' பற்றி நாமெல்லாம் படிச்சிருக்கோம். அதை அடக்கிய தாமஸ் மிட்ஜ்லியைப் பற்றி நான் சொல்றேன். 1889-ல் அமெரிக்காவில் பிறந்த இவர் மெக்கானிக்கல் படித்தவர். 1921-ல் பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயத்தைத் துளியளவு கலந்தார். தட்டல் நின்றது! 1923-ல் அவருக்கே ஈய நஞ்சு ஏறி, ஓய்வுக்கு புளோரிடா போனார். 1924-ல் நியூஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். மனுஷன் என்ன செஞ்சார் தெரியுமா? நிருபர்கள் முன்னால் அதே திரவத்தில் கை கழுவி, மோந்தும் காட்டினார். தெரிஞ்சே செய்ததுதான் எனக்கு ஆறலை. 1944-ல் இறந்தார்.

புகையில் வந்த ஈயம் தெருமண்ணில் படிந்தது. மண்ணில் விளையாடி விரல் சூப்பும் குழந்தையின் உடம்பு பெரியவங்களைவிட நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். மூளை வளர்ச்சி குன்றும். அமெரிக்கா ஈயப் பெட்ரோலை 1996-ல் நிறுத்தியது, நம் நாடு 2000-ல், கடைசியாக அல்ஜீரியா 2021-ல்.